நேர்மையை விழுக்காட்டால் அளக்கலாமோ?

பிழைப்பை நாடிப் பெங்களூருக்கு வந்த நம் முன்னோர் ஆலைகளிலும் தொழிற்சாலைகளிலும் அங்காடிகளிலும் உழைத்து, தம் மக்கள் கல்லூரிப் படியை மிதிக்க வேண்டும் என்னும் ஒரே வேட்கையோடு வாழ்ந்தனர். அல்சூரிலும் சீராமபுரத்திலும் ஒண்டுக் குடித்தனங்களில் படித்து முன்னேறிய அம்மக்களின் மக்கள் இன்று இந்நகரின் கல்லூரிகளில் பயில்கின்றனர். தேர்வில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டுப் பழகிய நம் செவிகளில் அண்மைக் காலமாக வேறோர் எண்ணும் விழத் தொடங்கியுள்ளது. "உன் கட்டுரை எத்தனை விழுக்காடு வந்தது?" என்று பிள்ளைகள் தம்முள் கேட்டுக்கொள்கின்றனர். குறைந்து வந்தால் மகிழ்கின்றனர். மிகுந்து வந்தால் முகம் வாடுகின்றனர்.

அது எழுத்துத் திருட்டைக் கண்டறிவதற்கென்று அமைந்த மென்பொருள் தரும் எண். மாணவர் எழுதித் தந்த கட்டுரையின் சொற்கள் பிறர் எழுத்தோடு எந்த அளவுக்கு ஒத்துள்ளன என்று கணினி கணக்கிட்டுச் சொல்லும் விழுக்காடு. இவ்வெண்ணைக் கொண்டு மாணவர்க்குக் கல்விசார் நேர்மையைக் கற்பிக்கின்றோம் என்று கல்லூரிகள் பல சொல்லிக்கொள்கின்றன. அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. எந்திரத்தின்மீது நமக்குப் பகை ஏதும் இல்லை. கற்பிக்கும் கடமையைக் கைவிட்டு, கண்காணிக்கும் வேலையை எந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயர் சூட்டும் போக்கையே நாம் மறுக்கின்றோம்.

இரு பிள்ளைகள்

நாம் நேரில் அறிந்த இரு பிள்ளைகளின் செய்தியை முதற்கண் கூறுவோம். அவர்தம் பெயரும் கல்லூரியும் இங்கு வேண்டா.

ஒருத்தி, தையல் தொழிலாளி ஒருவரின் மகள்; அக்குடும்பத்தில் கல்லூரி கண்ட முதற்பெண். முதுகலை வகுப்பில் பெங்களூர் ஏரிகளைப் பற்றி அவள் ஒரு கட்டுரை எழுதினாள். மூன்று வாரம் நூலகத்தில் இருந்து படித்தாள். பிறர் கூற்றை எடுத்தாண்ட இடங்களில் மேற்கோள் குறி இட்டாள்; கூறியவர் பெயரைத் தந்தாள்; இறுதியில் நூற்பட்டியலும் சேர்த்தாள். கட்டுரையைக் கணினியில் ஏற்றினர். 38 விழுக்காடு என்று அறிக்கை வந்தது. மேற்கோள்களும் நூற்பட்டியலும் கல்லூரியே தந்த முகப்புப் பக்கமும் வினாவின் வாசகமும் அனைத்தும் அக்கணக்கில் சேர்ந்திருந்தன. அறிக்கையின் உட்பக்கங்களை எவரும் புரட்டிப் பார்க்கவில்லை. "பத்துக்குள் கொண்டு வா" என்ற ஒரு சொல்லோடு கட்டுரை திருப்பித் தரப்பட்டது.

அவள் என்ன செய்தாள்? மேற்கோள் குறிகளை நீக்கினாள். உரியவர் பெயர்களை எடுத்தாள். அவர்தம் சொற்களை முன்பின்னாகப் புரட்டி, ஒரு சொல்லுக்கு வேறொரு சொல்லை இட்டு, அயலார் கருத்தை அடையாளம் தெரியாதபடி தன் கருத்தாக ஆக்கினாள். எண் 9 ஆயிற்று, கட்டுரை ஏற்கப்பட்டது. நேர்மையாக எழுதிய பெண்ணைத் திருத்தித் திருத்தித் திருட்டுக்குப் பழக்கிவிட்டனர். அதற்குப் பெயர் நேர்மைப் பயிற்சி!

மற்றொருவன், வசதி படைத்த இல்லத்துப் பிள்ளை. பணம் கொடுத்தால் கட்டுரையும் செய்முறைத் திட்டமும் ஆயத்தமாகக் கிடைக்கும் இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. கூலிக்கு எழுதுவோன் புதிதாக எழுதித் தந்தான். எந்திரம் 4 விழுக்காடு என்றது. வகுப்பில் அவனுக்குப் பாராட்டும் கிடைத்தது. அக்கட்டுரையில் அவன் எழுதிய வரி ஒன்றேனும் இல்லை என்பதை எந்த எந்திரம் அறியும்?

இவ்விரு பிள்ளைகளும் அம்முறையிடமிருந்து கற்ற பாடம் ஒன்றே: எண்ணைக் குறைத்துவிட்டால் குற்றம் இல்லை.

சட்டம் கூறுவது

இவ்வழக்கத்துக்குச் சட்டத்தைக் காரணம் காட்டுவோர் உளர். ஆகவே சட்டத்தையும் ஆராய்வோம். பல்கலைக்கழக நல்கைக் குழு 2018ஆம் ஆண்டு கல்விசார் நேர்மையை வளர்த்தல், எழுத்துத் திருட்டைத் தடுத்தல் ஆகியவை பற்றிய ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஆய்வேடுகளுக்கு அது நான்கு படிகளை வகுத்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரையெனில் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரையெனில் ஆறு மாதத்துக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரையெனில் திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டுத் தடை. 60க்கு மேல் எனில் பதிவே நீக்கப்படும்.

இந்நான்கு படிகளையும் நம் கல்லூரிகள் மனப்பாடமாக அறியும். அதே ஒழுங்குமுறைகளில் உள்ள பிற பகுதிகளை அவை அறிந்ததாகத் தெரியவில்லை. உரியவர் பெயரோடு தரப்பட்ட மேற்கோள்களும், நூற்பட்டியலும், பொருளடக்கமும், முன்னுரையும், நன்றியுரையும், சட்டங்களும், பொதுவான சமன்பாடுகளும் ஒப்புமைக் கணக்கில் சேரா என்று அங்கேயே விதிக்கப்பட்டுள்ளது. நாம் கூறிய பெண்ணுக்கு நேர்ந்தது சட்டத்தின்படியே தவறு. மேலும், பிறர் எழுத்தை எவ்வாறு எடுத்தாள்வது, எவ்வாறு பெயர் சுட்டுவது என்று மாணவர்க்கு அறிவுறுத்துவதும், ஒவ்வொரு பருவத்திலும் விழிப்பூட்டும் கூட்டங்கள் நடத்துவதும், கல்விசார் நேர்மையின் அடிப்படைகளைப் பாடத்திட்டத்தில் சேர்ப்பதும் கல்வி நிறுவனங்களின் கடமைகளாக அதில் கூறப்பட்டுள்ளன. தண்டனைப் பகுதி நடைமுறைக்கு வந்தது. கற்பித்தல் பகுதி ஏட்டில் உறங்குகிறது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் ஆய்வு மாணவர்க்கென ஆய்வு அறம் பற்றிய இரண்டு மதிப்பலகுப் பாடம் ஒன்றை அக்குழு கட்டாயமாக்கியது. அது முனைவர் பட்டத்துக்குச் சேர்வோர்க்கு உரியது. பதினெட்டு அகவையில் முதன்முதல் கட்டுரை எழுதத் தொடங்கும் இளங்கலை மாணவர்க்கு என்ன இருக்கிறது? ஒரு கணினியும் ஓர் எண்ணுமே.

அரசும் தன் பங்குக்கு எந்திரத்தைத் தந்தது. 2019இல் தொடங்கிய 'சோத்சுத்தி' என்னும் திட்டத்தின்வழி, காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் நடுவம் பல்கலைக்கழகங்களுக்கு இம்மென்பொருளை வழங்கலாயிற்று. முதலில் சுவீடன் நாட்டில் தோன்றிய 'உர்குண்ட்'. பின்னர் நம் பெங்களூரைச் சேர்ந்த 'டிரில்பிட்'. எந்திரத்துக்குக் குறைவில்லை. எந்திரம் காட்டிய பக்கத்தை மாணவரோடு அமர்ந்து படிக்கும் ஆசிரியருக்கே பஞ்சம்.

எந்திரம் அறிவதும் அறியாததும்

இவ்வெந்திரம் செய்வது யாது? கட்டுரையைச் சிறு சிறு சொற்கோவைகளாகத் துண்டாக்குகிறது. தன் களஞ்சியத்தில் முன்பே சேர்த்து வைத்த இணையப் பக்கங்கள், இதழ்கள், ஆய்வேடுகள், பழைய மாணவர் கட்டுரைகள் ஆகியவற்றின் துண்டுகளோடு அவற்றை ஒப்பிடுகிறது. ஒத்தவற்றை வண்ணம் தீட்டிக் காட்டுகிறது. அவ்வளவே. 1990களின் இறுதியில் அமெரிக்காவில் தொடங்கி உலகெங்கும் பரவிய 'டர்னிடின்' நிறுவனமே, தன் மென்பொருள் காட்டுவது ஒப்புமை மட்டுமே, திருட்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டியவர் ஆசிரியர் என்று கூறுகிறது. விற்பவனே சொல்லாத சிறப்பை வாங்குபவர் ஏற்றிச் சொல்வது வியப்பன்றோ?

களஞ்சியத்தில் இல்லாத நூலை எந்திரம் அறியாது. தமிழில் இத்தொல்லை பன்மடங்கு. கணினியில் ஏறாத தமிழ் நூல்கள் எண்ணில. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த திறனாய்வு நூல் ஒன்றின் ஓர் இயலை அப்படியே எழுதித் தந்தாலும், அந்நூல் களஞ்சியத்தில் இல்லையெனில் எந்திரம் வாய் திறவாது. ஆங்கில நூலைத் தமிழில் பெயர்த்துத் தன் ஆய்வாகத் தருவோனும் சொல்லோடு சொல்லை ஒப்பிடும் எந்திரத்துக்குத் தப்பிவிடுவான்.

மற்றொன்றும் உண்டு. தற்செயலாக ஒத்துவரும் பொதுத் தொடர்களுக்கு அடுத்தடுத்துப் 14 சொற்கள் வரை விலக்கு அளிக்கிறது மேற்கூறிய ஒழுங்குமுறை. ஆங்கிலத்துக்கு அது பொருந்தலாம். தமிழோ ஒட்டு மொழி. 'எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காக' என்று நாம் ஒரே சொல்லில் உரைப்பதை ஆங்கிலத்தில் உரைக்கப் பல சொற்கள் வேண்டும். தமிழில் 14 சொற்கள் என்பது முழுக் கருத்தொன்றைத் தாங்கிய நீண்ட தொடர். பிற மொழியின் முழக்கோலால் நம் மொழியின் துணியை அளந்துவிட்டு, அளவு சரி என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

கண்டவர் யார்?

எந்திரம் இன்றேல் திருட்டு வெளிப்படாது என்பர் சிலர். நம் நாட்டில் நிகழ்ந்த பெரிய நிகழ்ச்சி ஒன்றை நினைவூட்டுவோம். 2002ஆம் ஆண்டு, குமாவூன் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் பெயரில் வந்த இயற்பியல் கட்டுரை பிறர் கட்டுரையின் படி என்பது வெளியாயிற்று. அதைக் கண்டவர்கள் அத்துறையை ஆழப் படித்த இயற்பியலாளர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர்கள், அந்நாளில் குடியரசுத் தலைவராக விளங்கிய அப்துல் கலாம் அவர்களுக்கு மடல் எழுதினர். விசாரணை நடந்தது, 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார். அங்கே குற்றத்தைக் கண்டது படிப்பவர் கண்.

இனி நம் பெங்களூருக்கே வருவோம். 2011ஆம் ஆண்டு 'அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்' என்னும் உலகப் புகழ் இதழில், இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்தோரும் பேராசிரியர் சி. என். ஆர். ராவ் அவர்களும் இணைந்து எழுதிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அதன் சில வரிகள் முன்பே வந்த வேறொரு கட்டுரையின் வரிகளாகவே இருந்தன. ஆசிரியர்கள் அவ்விதழிலேயே வருத்தம் தெரிவித்தனர். 2012இல் செய்தித்தாள்கள் அதைப் பெரிதாக எழுதின. ஆய்வின் முடிவுகளைப் பற்றி வழக்கு இல்லை. அறிமுகப் பகுதியை எழுதியவர் ஆய்வு மாணவர் என்று விளக்கம் தரப்பட்டது.

இந்நிகழ்ச்சியை எவரையும் பழிப்பதற்காக நாம் எடுத்துரைக்கவில்லை. நாட்டின் தலைசிறந்த ஆய்வுக்கூடங்களில் ஒன்றில், அரிய சோதனைகளைச் செய்து முடிக்க வல்ல இளைஞருக்கும், முன்னோர் கண்டதைத் தம் சொல்லில் சுருக்கி உரைப்பது தனியே பயில வேண்டிய கலை என்பதையே அது காட்டுகிறது. அக்கலையை நம் பள்ளி கற்பித்ததா? கல்லூரி கற்பித்ததா? வினாவிடைக் கையேட்டை எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தவனுக்கு நூற்றுக்கு நூறு அளித்தோம். பன்னிரண்டு ஆண்டுகள் பிறர் சொல்லைப் படியெடுப்பதே படிப்பு என்று பழக்கினோம். பதின்மூன்றாம் ஆண்டில் திடீரென்று, படியெடுத்தவன் கள்வன் என்று எந்திரத்தை ஏவுகிறோம். இது நேர்மையா?

அச்சமா, அறிவா?

"அச்சம் இருந்தால்தான் ஒழுக்கம் இருக்கும்" என்பது பெரியோர் சிலரின் துணிபு. அத்துணிபைச் சோதித்துப் பார்த்தவர்கள் உளர். தாமஸ் டீ, பிரையன் ஜேக்கப் என்னும் அமெரிக்கப் பொருளியலறிஞர் இருவர் ஒரு கல்லூரியின் மாணவர் கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை ஆராய்ந்தனர். 2010இல் முதலில் வெளியிட்ட அவ்வாய்வு 2012இல் இதழிலும் வந்தது. வகுப்புகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர் மட்டும் கட்டுரை தருமுன் எழுத்துத் திருட்டு என்றால் என்ன, அதைத் தவிர்ப்பது எப்படி என்று விளக்கும் சிறு பாடம் ஒன்றைக் கணினியில் முடிக்கச் செய்தனர். பின்னர் எல்லார் கட்டுரைகளையும் மென்பொருளால் ஒப்பிட்டுப் பார்த்தனர். பாடம் பெற்றோரிடையே திருட்டு வெகுவாகக் குறைந்திருந்தது. நுழைவு மதிப்பெண் குறைந்த மாணவரிடையேதான் அப்பயன் மிகுதி. ஏன் குறைந்தது என்றும் ஆராய்ந்தனர். பிடிபடுவோம் என்னும் அச்சம் கூடியதால் அன்று; எது தவறு, எது முறை என்னும் அறிவு கூடியதாலேயே என்பது அவர் முடிவு.

இதன் பொருளை நம் கல்லூரிகள் உணர வேண்டும். அங்கே மென்பொருள் பாடத்தின் பயனை அளக்கும் கோலாக இருந்தது. பாடத்தை நடத்தியது பாடமே. இங்கோ பாடம் இல்லை. கோல் மட்டும் ஓங்கி நிற்கிறது.

நம் மரபில் உள்ள பாடம்

மேலைநாட்டு ஆய்வை விடுத்து நம் வீட்டுப் பெட்டியைத் திறந்து பார்ப்போம். இக்கன்னட நாட்டோடு தொடர்புடைய கங்கர் குலத் தலைவன் சீயகங்கன் வேண்டியதால் பவணந்தி முனிவர் நன்னூலை இயற்றினார். ஏறத்தாழ 800 ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நூலின் பாயிரம், நூல் எழுதுவோர்க்கு உரிய அறத்தை விரித்துரைக்கிறது. முதல்நூல் எது, அதன் வழிவந்த நூல் எது, சார்ந்து வந்த நூல் எது என்று பிரிக்கிறது. எதன்வழி வந்தோம் என்று சொல்லிக்கொள்வதில் தமிழ்ப் புலவனுக்கு நாணம் இல்லை. அதுவே அவனுக்குப் பெருமை. முன்னோரின் கருத்தையும் சொல்லையும் பொன்னாகப் போற்றலாம் என்று அந்நூல் இடமும் அளிக்கிறது.

அத்தோடு நில்லாது, பிறர் கருத்தை எதிர்கொள்ளும் நிலைகள் ஏழு என்கிறது. பிறர் கொள்கைக்கு உடன்படுவது, மறுப்பது, முதலில் ஏற்றுப் பின்னர் விலக்குவது, தானே ஒன்றை நாட்டி அதை நிலைநிறுத்துவது, இருவர் மாறுபட்டவிடத்து ஒருபக்கம் துணிவது, பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவது, பிறர் கொள்கைக்கு உட்படாது தன் கொள்கையையே கொள்வது. இவ்வேழினுள் ஒன்றையேனும் செய்பவனே எழுத்தாளன். பிறர் எழுத்தை அப்படியே இட்டுத் தன் பெயரைப் பொறிப்பவன் இவ்வேழினுள் எதிலும் நில்லான்.

கட்டுரை வகுப்புக்கு இதனினும் சிறந்த பாடத்திட்டம் வேறு எங்குள்ளது? "நீ எடுத்தாண்ட இவ்வரியோடு உடன்படுகிறாயா, மறுக்கிறாயா, ஏன்?" என்று ஆசிரியர் ஒரே ஒரு வினா கேட்டால் போதும். எழுதியவன் விடை கூறுவான், திருடியவன் விழிப்பான், அறியாது செய்தவன் கற்றுக்கொள்வான். எந்த விழுக்காடும் இம்மூவரையும் பிரித்தறியாது.

ஏட்டுச் சுவடிகளைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ. வே. சாமிநாதையர், சீவக சிந்தாமணியை 1887இலும் புறநானூற்றை 1894இலும் அச்சேற்றினார். சுவடி தந்தவர்களையும் உதவியவர்களையும் தம் பதிப்பு முகவுரைகளில் பெயர் சுட்டி நன்றி பாராட்டினார். எந்த மென்பொருளுக்கு அஞ்சி அவர் அவ்வாறு செய்தார்? கொடுத்தவரை மறைப்பது சிறுமை என்னும் உணர்வே அவரை எழுதச் செய்தது. அவ்வுணர்வை மாணவர் நெஞ்சில் விதைப்பதே நாம் வேண்டும் கல்வி.

எளியோர்மேல் விழும் ஐயம்

அண்மைக் காலத்தில் இத்தொல்லை புதிய வடிவம் கொண்டுள்ளது. 2022ஆம் ஆண்டின் இறுதியில் 'சாட்ஜிபிடி' வந்தபின், கேட்ட பொருளில் கேட்ட அளவில் கட்டுரை எழுதித் தரும் கணினி எல்லார் கைக்கும் எட்டிவிட்டது. அது புதிதாகச் சொற்களைக் கோப்பதால் ஒப்புமை எந்திரம் எளிதில் ஏமாறுகிறது. ஆகவே, எழுதியது மனிதனா கணினியா என்று சொல்லும் வேறோர் எந்திரத்தைக் கொணர்ந்தனர். அதன் நம்பகம் எத்தகையது? சாட்ஜிபிடியை ஆக்கிய நிறுவனமே தான் வெளியிட்ட அத்தகைய கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 சூலையில் திரும்பப் பெற்றது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் அதே ஆண்டு ஆகத்தில் டர்னிடின் தந்த அத்தகைய கருவியை நிறுத்தி வைத்தது.

நமக்கு நேரே உறைக்கும் செய்தி ஒன்றுண்டு. அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டு அறிஞர்கள் அத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதோர் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளை அவற்றுக்குத் தந்தனர். மாந்தர் கைப்பட எழுதிய அவற்றுள், சராசரியாக 61 விழுக்காட்டைக் கணினி எழுதியவை என்று அக்கருவிகள் தவறாகச் சாற்றின. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கட்டுரைகளில் அவை பெரும்பாலும் தவறவில்லை. எளிய சொற்களால், சிறிய தொடர்களால், கற்ற ஆங்கிலத்தைக் கவனமாகக் கையாள்வோர் எழுத்தே எந்திரத்துக்கு ஐயம் தருகிறது.

வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், வகுப்பில் ஆங்கிலம் என்று மும்மொழிகளுக்கிடையே வளரும் நம் பிள்ளைகள் எழுதும் ஆங்கிலம் எத்தகையது என்பதை நாம் அறிவோம். உழைத்து எழுதிய பிள்ளையைப் பார்த்து, "இது நீ எழுதியதன்று" என்று ஓர் எந்திரம் சொல்ல, ஆசிரியரும் அதை நம்பிவிட்டால், அப்பிள்ளை யாரிடம் முறையிடும்? அதன் தந்தை கல்லூரி அலுவலகத்தின் வாயிலில் நின்று எந்த மொழியில் வாதாடுவார்? நேர்மையைக் கற்பிக்கப் புறப்பட்டு நேர்மையாளரைக் கள்வராக்கும் முறை, முதலில் எளியோரையே தாக்கும்.

மறுப்புரைகளுக்கு விடை

"ஓர் ஆசிரியருக்கு அறுபது எழுபது மாணவர், அத்தனை கட்டுரைகளையும் எவ்வாறு ஊன்றிப் படிப்பது?" என்று கேட்பர். நியாயமான வினா. ஆசிரியர் சுமையை நாம் அறிவோம். நம் குடும்பங்களிலும் ஆசிரியர்கள் உளர். அதற்குத் தீர்வு, படிக்க இயலாத அளவு கட்டுரைகளை வாங்காமல் இருப்பது. பருவத்துக்கு ஐந்து கட்டுரை வாங்கி எந்திரத்திடம் கொட்டுவதைவிட, ஒரே கட்டுரையை வாங்கி இருமுறை படித்துத் திருத்தித் தருவது மேல்.

"எந்திரம் வந்தபின் அப்பட்டமான படியெடுப்பு குறைந்துள்ளதே" என்பர். குறைந்திருக்கலாம், மறுக்க மாட்டோம். பூட்டு வந்தபின் திருட்டுக் குறைவது இயல்பே. ஆனால் பூட்டைக் காட்டி, "இதோ, இதுதான் அறநூல்" என்று எவரேனும் சொல்வரோ? பூட்டைத் திறக்கும் வித்தையும் உடன் பிறந்துவிட்டது. 'விழுக்காட்டைக் குறைத்துத் தருவோம்' என்று விளம்பரம் செய்வோர் இன்று தோன்றிவிட்டனர். எண்ணுக்காக எழுதச் செய்தால் எண்ணை விற்கும் கடை வரும்.

"அப்படியாயின் எந்திரத்தை எறிந்துவிடலாமா?" என்பர். வேண்டா. அதே எந்திரத்தை வாயிற்காவலனாக நிறுத்தாமல் கண்ணாடியாகக் கையில் கொடுக்கலாம். கட்டுரையின் முதல் வரைவை மாணவரே அதில் இட்டுப் பார்க்கட்டும். வண்ணம் தீட்டிய ஒவ்வொரு வரியையும் ஆசிரியரோடு அமர்ந்து ஆராயட்டும். இது மேற்கோள், குறி இட்டிருக்கிறேன். இது பொதுத் தொடர், குற்றமில்லை. இது அயலார் கருத்து. பெயர் சொல்ல மறந்தேன். இது எனக்கு விளங்காததால் அப்படியே எடுத்தது; மீண்டும் படித்து என் சொல்லில் எழுதுகிறேன். இவ்வாறு ஒரு பருவம் பழகிய மாணவருக்கு மறுபருவம் கண்ணாடியே தேவைப்படாது.

நாம் வேண்டுவன

கல்லூரிகளிடம் நாம் வேண்டுவன சிலவே. முதலாண்டிலேயே, எந்தத் துறையினர்க்கும், பிறர் எழுத்தைப் படித்துச் சுருக்கவும் எடுத்தாளவும் மறுக்கவும் கற்பிக்கும் பாடம் ஒன்று வேண்டும். எண்ணை மட்டும் நோக்கி எந்தக் கட்டுரையையும் தள்ளலாகாது. அறிக்கையின் உட்பக்கத்தைப் படித்து, மாணவரை அழைத்து வினவிய பின்னரே முடிவு கூறவேண்டும். மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராதபடி சட்டம் விதித்ததைச் செயற்படுத்த வேண்டும். கணினி எழுதியது என்று கருவி கூறுவதை மட்டும் சான்றாகக் கொண்டு எவரையும் தண்டிக்கலாகாது. மாணவர் கட்டுரைகள் நிறுவனங்களின் களஞ்சியத்தில் சேர்த்து வைக்கப்படுமானால், அதை அவர்க்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். அமெரிக்காவில் 2007இல் பள்ளி மாணவர் சிலர் இதற்காகவே வழக்குத் தொடுத்தனர். 2009இல் மேல்முறையீட்டிலும் தோற்றனர். சட்டம் தடுக்காதது அனைத்தும் ஆசிரியருக்கு அழகாகிவிடாது. இறுதியாக, மாணவர்க்கு விதித்ததை ஆசிரியரும் தமக்கு விதித்துக்கொள்ள வேண்டும். ஆண்டுதோறும் அதே குறிப்பை, யாருடையது என்று கூறாது வகுப்பில் ஒப்பிப்பவர் நேர்மைப் பாடம் நடத்த எழுந்தால் மாணவர் உள்ளுக்குள் நகைப்பர்.

பெற்றோராகிய நம் கடமை சிறிதன்று. "எத்தனை விழுக்காடு?" என்று கேட்பதை நிறுத்தி, "என்ன எழுதினாய், எனக்குச் சொல்" என்று கேட்போம். நமக்கு ஆங்கிலம் தெரியாவிடினும் தமிழில் சொல்லச் செய்வோம். தன் கட்டுரையைத் தாய்க்கு விளக்கத் தெரிந்த பிள்ளை அதைத் தானே எழுதியிருக்கும். செய்முறைத் திட்டத்துக்குக் கடையில் கொடுப்பதற்கென்று பிள்ளை பணம் கேட்டால், அன்றே மறுப்போம். அப்பணத்தை ஈட்ட நாம் இயந்திரத்தின் முன் நின்ற மணிநேரங்களை எண்ணிப் பார்த்தால் மறுக்கும் துணிவு தானே வரும்.

பிறரைக் குறை கூறும் நாம் நம் முற்றத்தையும் பெருக்க வேண்டும் அன்றோ? தமிழ் அமைப்புகள் வெளியிடும் மலர்களைப் புரட்டிப் பாருங்கள். பேரறிஞர் ஒருவர் நூலின் பக்கங்கள் அவர் பெயர் இன்றி நம்மவர் பெயரில் வந்ததில்லையா? மேடையில் நாம் முழங்கிய உவமைகள் எல்லாம் நம்முடையனவா? தமிழின்மீது கொண்ட பற்று, தமிழறிஞரின் உழைப்பைப் பெயரின்றி எடுத்துக்கொள்ளும் உரிமையை நமக்குத் தந்துவிடவில்லை. நம் பிள்ளைகள் நம்மைப் பார்த்தே கற்கின்றனர். இனி நம் மலர்களில் எழுதுவோர், எடுத்த இடத்தைச் சொல்லி எழுதுவோம் என்று உறுதி பூணுவோமாக.

அந்தத் தையல் தொழிலாளியின் மகளை அண்மையில் மீண்டும் கண்டோம். "அந்த ஏரிக் கட்டுரையின் முதல் வரைவை இன்னும் வைத்திருக்கிறேன், ஐயா. பெயர்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன" என்றாள். கல்லூரி ஏற்றது இரண்டாம் வரைவை. அவள் பேணி வைத்திருப்பது முதல் வரைவை. எது நேர்மையானது என்பதை அவள் நெஞ்சம் அறிந்திருக்கிறது. அந்நெஞ்சத்துக்குத் துணை நிற்பதே கல்லூரியின் கடன். நம் கடனும் அதுவே.